ரூபி முடிஞ்சுது

எங்கள் முதலாளியின் பத்து விரல்களில் ஏழில் மோதிரம் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கல். எந்தக் கல் எந்தக் கிரகத்தைச் சமாதானப்படுத்துகிறது என்பதை லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட விளக்குவார். செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் இன்டீரியர் கம்பெனி. கடை, கிளினிக், ஹோட்டல் என்று யாராவது நாலு வெறும் சுவரை வைத்துக்கொண்டு முழித்தால், அதற்குள் சீலிங், விளக்கு, அலமாரி, குழாய் எல்லாம் போட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது எங்கள் வேலை. பெயர் வைப்பது மட்டும் முதலாளியின் வேலை. ஒவ்வொரு பிராஜெக்டுக்கும் ஒரு கல்லின் பெயர் வைப்பார். கல் பெயர் வைத்தால் பில் சீக்கிரம் பாஸாகும் என்று அவருடைய ஜோசியர் சொன்னாராம். பில் எப்போதும்போலத் தாமதமாகத்தான் பாஸானது, ஆனால் ஜோசியரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த வருஷம் என் தலையில் மூன்று கற்கள் விழுந்தன. வாஷியில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் ரூபி. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பட்டுப்புடவைக் கடை, அது பேர்ல். தேவ்நாரில் ஒரு ஹோட்டல், அது ஜாஸ்பர்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்த இடத்திலேயே சிரிப்பு வந்திருக்கும். எங்கள் வீடுகளில் இவை கற்களே கிடையாது. ரூபி என்றால் பெரியம்மா மகள், பேர்ல் என்றால் ஸ்கூல் டீச்சர், ஜாஸ்பர் என்றால் கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா. தாராவியில் எங்கள் சபை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் "ரூபி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், குறைந்தது நாலு தலை திரும்பும். முதலாளிக்கு இது தெரிய நியாயமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

மண்டையில் இடம் இருந்தால்தானே ஏறும். பல வேலைகளை ஒரே நேரத்தில் கவனிப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். முக்கியமானது, அவசரமானது என்று போர்டில் நாலு கட்டம் போட்டு, அவரவர் வேலைகளைப் பிரித்து எழுதச் சொன்னார். என்னுடைய மூன்றும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. மற்ற கட்டங்கள் காலியாக இருக்கக் கூடாது என்றார். ஒன்றில் தூக்கம் என்றும் இன்னொன்றில் துணி துவைத்தல் என்றும் எழுதிவைத்தேன். நல்ல பங்கேற்பு என்று பாராட்டினார்.

உண்மையில் நான் வேலையைப் பிரித்த விதம் வேறு. ரயிலில் இருக்கும்போது ரூபியிடம் பேசுவது, ரிக்‌ஷாவில் ஜாஸ்பரிடம் பேசுவது, நடக்கும்போது பேர்லிடம் பேசுவது. மூன்று வாட்ஸாப் குழுக்கள் மூன்று விதமான மணியடித்தன. கார்ப்பென்டரிடம் ஹிந்தி, வாட்ச்மேனிடம் மராத்தி, புடவைக் கடைக்காரரிடம் தமிழ். பல் தேய்க்கும்போதுதான் எந்த மொழியும் இல்லாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிடுவார். அவர் பேச்சு எதில் தொடங்கினாலும் "ஹோ ஜாயேகா நா?" என்றுதான் முடியும். ஆகிவிடும்தானே என்று அர்த்தம். அதற்கு இந்த ஊரில் ஒரே பதில்தான், "ஹோ ஜாயேகா சார்." எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை "நஹி ஹோகா", ஆகாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவருக்குக் கேக் வெட்டி வழியனுப்பி வைத்தோம். கேக் நன்றாகத்தான் இருந்தது.

முதலாளி என்னிடமும் சொல்லிவிட்டார். மார்ச் முடிவதற்குள் ரூபி கைமாறாவிட்டால் நாற்காலியும் கைமாறும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணம் நடக்கவில்லை, செம்பூரில் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்கு அந்த நாற்காலிதான் வாடகை கட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியே காட்டினால் அதற்கும் ஒரு கட்டம் போடச் சொல்வார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

பேசியது சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் மட்டும்தான். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் தாராவியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். தலைவி ஓர் அக்கா, முனிசிபல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊசி போடுவது மாதிரியே ஜெபமும் செய்வார். எங்கே வலிக்கிறது என்று கேட்பார், ஒரே குத்து. என்னால் கூட்டத்துக்குப் போக முடியவில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் புடவைக் கடைக்காரருக்குப் புது யோசனை வரும். ஆனால் குழுவின் வாட்ஸாப்பில் இருந்தேன். தினமும் விடிந்ததும் ஒரு வசனம் வரும், பின்னால் சூரியோதயம், ஓரத்தில் ரோஜா, நடுவில் ஒரு புறா. வசனத்தின் கடைசி வரி எப்போதும் புறாவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இருந்தாலும் ரயிலில் தொங்கிக்கொண்டு அதைப் படித்தால் நெஞ்சில் கொஞ்சம் காற்று வரும். பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் என்னை நிற்க வைத்தது அந்தப் புறாதான்.

ஜெபக்குறிப்புகளை லேடீஸ் கம்பார்ட்மென்டில் நின்றபடி, சுற்றிலும் நாலு பேர் காது கொடுக்க, குரல் பதிவாக அனுப்புவேன். சுருக்கமாகத்தான் பேச முடியும். "ரூபிக்கு இன்னும் சரியாகலக்கா. ஒழுகிட்டே இருக்கு. தொறந்து பாத்தாத்தான் தெரியும்னு சொல்லுதாங்க." இது வாஷி ஆஸ்பத்திரியின் பாத்ரூம் குழாய். "பேர்லப் பாக்கப் பார்ட்டி வாராங்க, போறாங்க, சரின்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்காங்க." இது புடவைக் கடையின் டிசைன். நான் தொழில் பேச்சில் பார்ட்டி என்று சொன்னது வாடிக்கையாளரை. "ஜாஸ்பர் காசெல்லாம் குடிச்சே தீக்குது, ஜெபிங்க." இது ஹோட்டல் கிச்சன். புகைக்கூண்டு மட்டுமே பட்ஜெட்டில் பாதியை விழுங்கியிருந்தது.

வேறு ஊர்த் தமிழாக இருந்திருந்தால் 'அது' என்ற சொல்லாவது காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளையும் அது என்றுதான் சொல்வோம். அது இன்னும் வரல, அது பாவம், அதுக்குக் காய்ச்சல். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போதாக்குறைக்கு ஒருநாள் அக்காவே எனக்கு போன் செய்தார். நான் மாலாடில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ரூபி எங்க இருக்கு?"

"வாஷிலக்கா. ஆஸ்பத்திரி."

"பெரிய டாக்டர் என்ன சொல்லுதாரு?"

பெரிய டாக்டர்தான் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், அவரிடம் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்தேன். "அவரு கைய விரிச்சுட்டாருக்கா. மார்ச்சத் தாண்டக் கூடாதுங்காரு."

"நீ தைரியமா இரு பிள்ள, நாங்க விட மாட்டோம்," என்றார். என் வேலைக்காக இப்படி உருகும் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டைல்ஸ் கடைக்காரன் விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

மார்ச் கடைசி வாரத்தில் சுவரைத் திறந்து பார்த்தோம். "புன்னகையே முதல் மருந்து" என்று மராத்தியில் எழுதிய ஒரு பலகையை வெளிப்பக்கம் மாட்டியிருந்தார்கள். அதன் ஸ்க்ரூ நேராகப் பைப்புக்குள் இறங்கியிருந்தது. பலகையைக் கழற்றினோம், பைப்பை மாற்றினோம், அதற்கப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் காலை பெரிய டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டு புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன், ஆனால் முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் ஒத்துழைத்தது.

ஆபீசுக்கு வந்தால் முதலாளி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏழு மோதிரமும் குத்தின. அதே கையோடு நாலாவது கல்லையும் கொடுத்தார். எமரால்டு, சீத்தா கேம்ப் பக்கம் ஒரு மருந்துக்கடை. "சோட்டா சா காம் ஹை, ஹோ ஜாயேகா நா?" சின்ன வேலைதானாம். பேர்ல் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, ஜாஸ்பர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமலே "ஹோ ஜாயேகா சார்" என்றது.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது குழுவில் எழுதினேன். நான் தமிழ் படித்தது ஞாயிறு பள்ளியில் மட்டும்தான், எழுதினால் எழுத்துப்பிழை நிறைய வரும், அதனால் சிறிய வாக்கியங்களாகத்தான் எழுதுவேன். "ரூபி முடிஞ்சுது. காலைல ஒப்படைச்சாச்சு. ஸ்தோத்திரம். இனி எமரால்டு. ரொம்ப சின்னது. ஜெபிங்க." கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழரை மணி இருக்கும், காலிங் பெல் அடித்தது. திறந்தால் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும். எல்லோரும் வெள்ளைப் புடவை. ஒருவர் கையில் காபி பிளாஸ்க், ஒருவர் கையில் இட்லித் தூக்கு, மூன்றாமவர் கையில் பாட்டுப் புத்தகம். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

"அழுதுரு பிள்ள. அடக்கி வைக்காத."

"எதுக்குக்கா அழணும்? நல்ல காரியம்லா நடந்திருக்கு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இட்லித் தூக்கு மெதுவாகத் தரையில் இறங்கியது.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டுல்லா," என்றார் காபிக்காரி, எனக்காகப் பரிந்து. "பாத்துக்கிட்டவளுக்குத்தான் தெரியும்."

"மூணு மாசமா என் உசிர வாங்கிட்டுக்கா. சனியன் விட்டுதுன்னு இருக்கு."

அக்காவின் கை என் தோளிலிருந்து விலகியது. "ஏட்டி, செத்துப்போனவளப் பத்திப் பேசுத பேச்சா இது?"

"யாருக்கா செத்தா?"

"ரூபி."

"ரூபி ஆஸ்பத்திரிக்கா."

"ஆஸ்பத்திரிலதான செத்தா?"

"இல்லக்கா, ரூபியேதான் ஆஸ்பத்திரி."

அதை விளக்க நான் பட்ட பாட்டுக்கு மூன்று பிராஜெக்டும் தேவலாம். முதலாளி, மோதிரம், ஜோசியர், கல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன். முடிஞ்சுது என்று நான் எழுதியது வேலையை, அவர்கள் படித்தது ஆளை. ஆள் முடிஞ்சுது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு மேல் ஸ்தோத்திரம் வேறு போட்டிருந்தேன். ரொம்ப நாள் பட்டுத் தீர்ந்ததால் அப்படிச் சொல்கிறாள் என்று அவர்களே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ எமரால்டு?" என்றார் பாட்டுப் புத்தகம். "ரொம்பச் சின்னதுன்னு எழுதிருந்தியே. ரூபி விட்டுட்டுப் போன பிள்ளைன்னு நெனச்சு பஸ்ஸு பூராவும் அழுதுட்டு வந்தேன்."

"மருந்துக்கடைக்கா."

"பேர்லு?" இது காபிக்காரி. அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "நான் அதுக்கு வசாய்ல ஒரு பையன் பாத்து வச்சிருக்கேனே. ரயில்வேல இருக்கான். போட்டோ அனுப்பச் சொல்லிட்டாங்க."

"புடவக் கடைக்கா. வேணும்னா கடையோட போட்டோ இருக்கு."

இட்லிக்காரிதான் கடைசியாக வாயைத் திறந்தார். "ஜாஸ்பர் குடிய விடணும்னு மூணு வெள்ளிக்கிழம உபவாசம் இருந்தேன். எனக்குச் சுகர் வேற."

முதலில் அக்காதான் சிரித்தார். அப்புறம் எங்களில் யாராலும் நிறுத்த முடியவில்லை. வெள்ளைப் புடவைகளோடு நாலு பேரும் என் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, கதவைத் திறந்து எட்டிப்பார்த்த எதிர்வீட்டு மராத்திக்காரம்மாள் பயந்து கதவைச் சாத்த, அப்படியொரு சிரிப்பு. கர்த்தர் மூன்று மாதமாக இந்த ஜெபங்களை என்ன செய்திருப்பார் என்று யாரோ கேட்டார்கள். கேட்டுச் சிரித்திருப்பார் என்றேன். அதற்கு யாரும் என்னைக் கண்டிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அக்கா எழுந்து தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அதனால்தான் நாங்கள் சாப்பாடு கொண்டு போவோம். என் அடுப்பின் மேல் மூன்று டைல்ஸ் சாம்பிளும் ஒரு சுருட்டிய டிராயிங்கும் கிடந்தன. ஃபிரிட்ஜில் ஒரு தயிர் டப்பா, அதில் இருந்தது இப்போது தயிரில்லை. சிங்க்கில் பிஸ்கட் உறைகள். அக்கா தட்டோடு வெளியே வரவில்லை, வெறுங்கையோடு வந்தார். என் எண்ணெய் காணாத தலையையும் கழற்றாத செருப்பையும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாரும் சாகலன்னா இந்த வீடு ஏன்ட்டி இப்படிக் கெடக்கு?"

"நேரம் இல்லக்கா."

"மூணு மாசமா ஒரு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஹோட்டலுக்கும் முழங்கால் தேய ஜெபிச்சிருக்கோம். ஒனக்கு ஒரு வார்த்த ஜெபிக்கல. நீ கேக்கவும் இல்ல."

எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். சமாளிக்கிற பேச்சு எனக்கு மூன்று மொழியில் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. "முடியலக்கா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், அதற்குமேல் அழுகைதான் வந்தது. இனி இத்தனை வேலையைத் தாங்க என்னால் ஆகாது என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். உடம்புக்குச் சரியில்லை என்றாலும் நாங்கள் அதையேதான் சொல்வோம். அக்கா அந்த இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில், என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். என் வார்த்தைகளை மூன்று மாதமாகத் தப்பாகவே புரிந்துகொண்டவர், அன்றைக்குத்தான், நான் நினைக்காத அர்த்தத்தில், சரியாகப் புரிந்துகொண்டார்.

அவர் விரல் மணிக்கட்டில் இருக்கும்போதே போன் அடித்தது. முதலாளி. ஸ்பீக்கரில் போட்டேன், மற்ற கை காலியாக இல்லை.

"கல் சுபா எமரால்டு கா சைட் தேக்னா ஹை. ஹோ ஜாயேகா நா?"

நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நாளைக் காலை போக வேண்டும் என்பது ஹிந்தி தெரிந்த அவர்களுக்குப் புரிந்தது. அந்தக் கேக்கின் வாசனை எனக்கு மூக்கில் அடித்தது. வாடகை, நாற்காலி, எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்தது. "நஹி ஹோகா சார்," என்றேன்.

நாடி எகிறியிருக்க வேண்டும், அக்கா பிடியை இறுக்கினார்.

"தபியத் கராப் ஹை க்யா?" என்றார் முதலாளி. உடம்பு சரியில்லையா என்று அந்த ஆபீசில் என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஆமாம் சார் என்றேன். பேர்லும் ஜாஸ்பரும் முடியும்வரை இன்னொன்றை எடுக்க மாட்டேன், இரண்டு நாள் லீவும் வேண்டும் என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. அவர் நீளமாக மூச்சு விட்டார். எமரால்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் இந்த வருஷம் புரமோஷனைப் பற்றி என்னிடம் பேசாதே என்றார். என் சீட் என்ன ஆகும் என்று கேட்டேன். "சீட் கஹா ஜாயேகி? ரூபி டைம் பே தியா நா," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ரூபியை நேரத்துக்குக் கொடுத்ததால் நாற்காலி பிழைத்தது.

இட்லியைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார்கள். துக்க வீட்டுச் சாப்பாட்டை அவ்வளவு பசியோடு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் கை கழுவியதும், கிளம்புவதற்கு முன் ஜெபிக்கலாம் என்று அக்கா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடப் போனவர் நிறுத்தி, என்னிடம் கேட்டார்.

"ஒனக்கு என்ன குறிப்புன்னு சொல்லட்டும்?"

யோசித்தேன். ரூபிக்கு என்ன வேண்டும், பேர்லுக்கு என்ன வேண்டும், ஜாஸ்பருக்கு என்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

"தெரியலக்கா."

"சரி. தெரியலன்னே சொல்லிருதேன்," என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.